இன்னும் கொஞ்சம் தடியாக

— இன்னும் தடியா ஆக்கு.

— இதுக்கு மேல போனா எழுத்துக்குள்ள இருக்கிற வெள்ளை வயிறு அடைச்சுக்கும், தாரிங்கா அத்தை.

— அடைச்சுக்கட்டுமே. ஐம்பது வருஷமா பட்டினி கிடந்த பேரு அது, ஸ்ரெச்கோ. ஒரு நாளாவது வயிறு நிறைய சாப்பிடட்டும்.

— சரி, நீங்களே பாருங்க. இதோ, எட்டுப் புள்ளி தடிமன். இப்போ படிங்க பார்ப்போம்.

— கண்ணாடியைப் போட்டுக்கறேன் இரு. என்ன கண்ணு இது? என் பேரு எங்க?

— அதான் உங்க பேரு. நம்ம சிரிலிக்ல ஏழு எழுத்து.

— ஏழு உலர்ந்த பிளம் பழத்தை வரிசையா வெச்ச மாதிரியில்ல இருக்கு.

— அதைத்தானே அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்.

— நீ போன வாரம் அந்த இறைச்சிக் கடைக்காரன் பொண்ணோட கல்யாணப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பொத்தானை அமுக்கினே. பேரு புஷ்டியா எழுந்து நின்னுச்சு. எனக்கு மட்டும் பிளம் பழமா?

— அது நான் தட்டச்சு பண்ணின எழுத்து, அத்தை. அது எழுத்துன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். இது உங்க பள்ளிக்கூடக் கடைசி வருஷ வகுப்புப் பலகையோட பழைய போட்டோவை ஸ்கேன் பண்ணினது. முப்பத்து நாலு ஓவல் போட்டோ, கீழே முப்பத்து நாலு பேரு. இதுல கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி தவிர கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் தெரியாது. உங்க பேரும் பக்கத்துல இருக்கிறவரோட மீசையும் அதுக்கு ஒண்ணுதான். ஓரத்தைச் சுத்தி கறுப்புக் கோடு போட்டுத்தான் தடியாக்க முடியும். கோடு வெளியேயும் வளரும், உள்ளேயும் வளரும்.

— அப்போ வெளியே மட்டும் வளர்த்து விடு.

— வெளியே வளர்ந்தா பக்கத்துப் பேரை இடிக்கும்.

— பக்கத்துல யாரு?

— அந்த மீசைக்காரர்தான். வெலிமிர்.

— அப்போ இடிக்கட்டும். நல்லா இடி. அவன் மேல ஏறி உட்காரட்டும் என் பேரு.

— அவர் இறந்துட்டாரே, அத்தை. இந்தப் பட்டியல்ல அவர் பேருக்கு முன்னால சிலுவை இருக்கு.

— தெரியும். போன அக்டோபர். சவ ஊர்வலம் என் ஜன்னலுக்குக் கீழேதான் போச்சு. நான் திரைச்சீலையை இழுத்து விட்டுட்டு நானூறு கிலோ குடைமிளகாயைச் சுட்டுத் தோல் உரிச்சுக்கிட்டிருந்தேன்.

— நானூறா?

— நாற்பது. எண்ணிக்கையில எதுக்குக் கஞ்சத்தனம். பட்டியலைச் சரியாப் பாரு, மொத்தம் எத்தனை சிலுவை?

— பதினொண்ணு. முப்பத்து நாலு பேர்ல பதினொரு பேர் போயாச்சு. எல்லாருக்கும் பேருக்கு முன்னால சின்னதா ஒரு சிலுவை போட்டுடறேன், வழக்கம் போல. யாரு எழுதினது இந்தப் பட்டியலை? ரொம்ப அழகான கையெழுத்து.

— ஸ்மில்யா. வகுப்புல எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, இன்னிக்கும் ஒரே பால்கனி. படிப்பு முடிச்ச இந்தப் பொன்விழாவை நாங்க ரெண்டு பேரும்தான் நடத்துறோம். நான் கத்துவேன், அவ எழுதுவா.

— இந்த 'தோப்ரிலா'ங்கிற பேரோட முதல் எழுத்தைப் பாருங்க, கீழே வாலு இடது பக்கமா சுருண்டு பன்றி வால் மாதிரி.

— முடி வெட்டுறவர் பொண்ணு இல்லையா. கையில எது கிடைச்சாலும் சுருட்டி விட்டுடுவா. பேக்கரியில பூரெக் வாங்கப் போயிருக்கா, இப்போ வந்துடுவா. அதுக்குள்ள முடிக்கணும் கண்ணு. அவ வர்றதுக்கு முன்னால அவ புருஷன் பேரை ஒரு மயிரிழை ஆக்கிக் குடு.

— அவங்க புருஷனும் இந்த வகுப்புதானா? இதுல எது அவரு?

— மீசைக்காரன்தான். வெலிமிர்.

— அத்தை, உங்க சிநேகிதியோட இறந்துபோன புருஷன் பேரை, அவங்க கடைவீதிக்குப் போயிருக்கிற நேரத்துல, நான் மெலிசாக்கணுமா?

— நீ புரிஞ்சுக்கிற வேகம் உன் அப்பா மாதிரியே இருக்கு. அந்த மிலூதின்தான் இந்தப் பலகையைப் போட்டோ எடுத்தார், தெரியுமா? இதே கடையில. இங்கே, இந்த ரேடியேட்டர் இருக்கிற இடத்துல நின்னுதான் சிரிக்கச் சொன்னார். யூகோஸ்லாவியாவிலேயே அப்படிச் சிரிச்ச பொண்ணு நான் ஒருத்திதான். படத்துல பாரு.

— நல்லாத்தான் சிரிச்சிருக்கீங்க.

— கீழே பேரைப் பாரு.

— ம். நூல் மாதிரி இருக்கு.

— நூல். அதேதான். ஐம்பது வருஷமா ஊர்ல எனக்கு அதுதான் பேரு. நான் சொல்றேன் கேளு. எங்க வகுப்புல வெலிமிருக்குத்தான் கை நல்லாயிருக்கும். பலகைக்குப் பேரெல்லாம் அவன்தான் மையில எழுதினான். முப்பத்து மூணு பேரு சுடச் சுட ரொட்டி மாதிரி எழுந்து நிக்குது. முப்பத்து நாலாவது, நான், கொசுவோட கால். பலகையைக் கொண்டுபோய் செருப்புக் கடை ஜன்னல்ல, கோடைச் செருப்புக்கு நடுவுல ஒரு மாசம் தொங்க விட்டாங்க. நாற்பதாயிரம் பேர் வந்து பார்த்தாங்க.

— ஊர் ஜனத்தொகையே பன்னிரண்டாயிரம்.

— மூணு மூணு தடவை பார்த்தாங்க. மருமகளுக்கு அலையற அம்மாக்கள் வரிசையா விரலை வெச்சுப் படிச்சுக்கிட்டு வருவாங்க. இது இன்னார் பொண்ணு, இது இன்னார் பொண்ணு. என்கிட்ட வந்ததும் விரல் நின்னுடும். "இந்தப் பொண்ணுக்குப் பேரு வைக்கலையா?" செருப்புக் கடைக்காரன்தான் முதல்ல "நூல்"னு கூப்பிட்டான். அப்புறம் பால்காரன். அப்புறம் நகராட்சி. என் கல்யாணத்துல பாதிரியாரே "நூலே, இவனை ஏத்துக்கிறியா"ன்னு கேட்டார்.

— கேட்டாரா?

— கேட்கிற மாதிரி பார்த்தார்.

— அந்த வெலிமிர் ஏன் அப்படிப் பண்ணணும்?

— அதுதான் எரியுது. அந்த வசந்தகாலம் முழுக்க சாயங்காலமானா கடைத்தெருவுல என்கூட மேலும் கீழும் நடந்தான். கொஷாவா காத்து அடிச்சா காத்து வர்ற பக்கமா வந்து நின்னுப்பான், என் தலைமுடி கலையாம. நான் என்ன நினைச்சிருப்பேன்? நீயா இருந்தா என்ன நினைச்சிருப்பே? கடைசியில பார்த்தா, என்னை ஒரு கோடா இழுத்துத் தள்ளிட்டான்.

— அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே, அத்தை.

— நான் தாரிங்கா. நான் கேட்க மாட்டேன். நான் குடுப்பேன்.

— என்ன குடுத்தீங்க?

— குடுக்கலை. குடுக்காம இருந்தேன். எட்டிப் பாரு, ஸ்மில்யா வர்றாளா?

— பேக்கரி வரிசையில நிக்கிறாங்க. முன்னால ஆறு பேர்.

— கேளு அப்போ. இதை உன்கிட்டயும் என் பூனைகிட்டயும்தான் சொல்றேன். அந்தக் கோடையில நான் தபால் நிலையத்துல கடிதம் பிரிக்கிற மேஜைக்கு வேலைக்குச் சேர்ந்தேன். ஜூலை மாசம், வெயில்ல தபால் பெட்டியே உருகி ஓடுது. பெல்கிரேட்லேருந்து ஒரு உறை வந்துச்சு. ஓவியக் கல்லூரி முத்திரை. யார் பேருக்கு? வெலிமிர் பேருக்கு. அந்த உறையில அவன் பேரு எவ்வளவு தடியா இருந்துச்சு தெரியுமா? புது ரிப்பன் போட்ட தட்டச்சு இயந்திரம். அதைப் பார்த்ததும் எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. கெட்டிலை அடுப்புல வெச்சேன்.

— அத்தை.

— ஆவியில காட்டினேன். பசை அப்படியே வழிவிட்டுச்சு. "தங்களுக்கு இடம் அளிக்கப்பட்டுள்ளது, செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் நேரில் வந்து சேரவும்." படிச்சேன். மடிச்சேன். பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடினேன். இன்னிக்கும் அதுலதான் இருக்கு, சட்டைப் பொத்தானுக்கெல்லாம் அடியில. டப்பா குண்டா இருக்கும், மூடி மேல ஒரு பூனை படம்.

— அவர் பெல்கிரேட் போய் விசாரிச்சிருக்கலாமே.

— அவனா? கூப்பிடாத வீட்டு வாசல்ல காலை வைக்காதவன். மீசையிலகூட அவ்வளவு கர்வம்.

— அவர் சாகிற வரைக்கும் ஏணியும் பெயிண்ட் டப்பாவுமாத்தானே அலைஞ்சாரு. இந்த ஊர்ல ஒரு கடை பாக்கி இல்லை. என் கடைப் பெயர்ப்பலகையே அவர் எழுதினதுதான்.

— தெரியும். நல்ல எழுத்து. இந்தக் கடைக்குள்ள நுழையறப்போ எல்லாம் எனக்கு வயிறு எரியும். அப்படி முறைக்காதே. பார்த்துக்கிட்டே மெலிசாக்கு.

— ஸ்மில்யா அத்தைக்கு இது தெரியுமா?

— உனக்குப் பைத்தியமா? அவ என் உயிர்ச் சிநேகிதி. அவ புருஷன் மட்டும்தான் என் எதிரி. அவங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து நாற்பத்தெட்டு வருஷம் அவ வீட்டுக்குக் காபி குடிக்கப் போனேன், அவன் முகத்தைப் பார்க்காம. அவன் சமையலறையில இருந்தா நான் பால்கனியில குடிப்பேன். மைனஸ் பதினெட்டு டிகிரி குளிர்ல காபி கரண்டியோட சேர்ந்து உறைஞ்சிருக்கு. இந்தக் கடையை விட்டு அவளுக்கு ஒரு வார்த்தை போச்சுன்னா, ஆப்ரிகாட் பழச் சாராயம் ரெண்டு பாட்டில் வெச்சிருக்கேன் உனக்கு, அது வராது. இதோ மெலிஞ்சுட்டானே. ஆகா. இன்னும் கொஞ்சம். செத்தும் இளைக்கிறான் பாரு.

— யாரை இளைக்க வெச்சுட்டிருக்கீங்க ரெண்டு பேரும்?

— வா ஸ்மில்யா, வா. உன்னைத்தான்டி. இந்தப் படத்துல உன் கன்னத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிட்டிருந்தேன்.

— எனக்கு எதுக்கு. இருக்கிறது இருக்கட்டும். ஸ்ரெச்கோ, உனக்குச் சீஸ் போட்டது. தாரா, உனக்கு இறைச்சி. சூடா இருக்கு, திரை மேல சிந்திடாதீங்க. அது அவர் பேரு இல்லை?

— எது?

— அது. புகை மாதிரி. ஏன் அவர் பேரு மட்டும் அப்படி இருக்கு?

— அது வந்து, ஸ்மில்யா அத்தை, ஸ்கேன் சரியில்லை. நீங்க கொண்டுவந்த படம் வெயில்ல மங்கிப்போனது. சில இடம் மெலிசாயிடுச்சு, சில இடம் ஊதிடுச்சு.

— தாரா பேரு ஊதிக்கிடக்கு.

— எனக்கு நல்ல ஜீரணம்டி.

— விளையாடாதே. வெள்ளிக்கிழமை இது மருந்துக் கடை ஜன்னல்ல தொங்கணும். சனிக்கிழமை வகுப்புல உட்காருவோம், தொண்ணூத்து நாலு வயசுல எங்க கணக்கு டீச்சர் வந்து பேரு வாசிப்பாங்க. அவர் பேரு வாசிக்கிறப்போ எல்லாரும் திரும்பி இந்தப் படத்தைத்தான் பார்ப்பாங்க. அவருக்கு அதுதான் மிச்சம். ஒழுங்கா இருக்கணும். அவ்வளவுதான்.

— பாருங்க, ஒரு வழி இருக்கு. அப்பா எதையும் தூக்கிப்போட்டவர் இல்லை. அன்னிக்குப் பலகையை எடுத்த நெகட்டிவ் பின்னால அலமாரியில இருக்கும். அதிலேருந்து ஸ்கேன் பண்ணினா எழுத்தெல்லாம் கத்தி மாதிரி வரும். தடியாக்கினாலும் வயிறு அடைக்காது.

— எதுக்கு இவ்வளவு வேலை. வேண்டாம் விடு, ஸ்ரெச்கோ.

— ஏன் வேண்டாம்? எடுத்துட்டு வா கண்ணு. ஐம்பது வருஷம் காத்திருந்தவ, அஞ்சு நிமிஷம் காத்திருக்க மாட்டேனா?

— பூரெக் ஆறிடும்.

— ஆறட்டும்டி. நீ ஏன் நிக்கிறே, உட்காரு.

— இதோ இருக்கு. உறை மேல அப்பா கையெழுத்து, வருஷம், வகுப்பு எல்லாம். தூசியை ஊதிட்டு வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்க. வருது. பார்த்தீங்களா, எவ்வளவு தெளிவு.

— அட. என் காதணிகூடத் தெரியுது. அது எங்க அக்காவோடது, திருடிப் போட்டுக்கிட்டேன்.

— இப்போ பாருங்க, இந்தத் தடவை ஓரக்கோடு போடப் போறதில்லை. வேற வழி. இருட்டைப் பரப்பச் சொல்லப் போறேன். எங்க கறுப்பு இருக்கோ அது நாலு பக்கமும் ஒவ்வொரு புள்ளியா நகரும். மெலிசான கோடு கொஞ்சம் கொஞ்சமா சதை போடும்.

— போடட்டும், போடட்டும்.

— ஒண்ணு. ரெண்டு. ஆனா ஒரு சிக்கல், இது பேரு எது அழுக்கு எதுன்னு பார்க்காது. தூசு, கீறல், மைக்கறை, இருக்கிறது எல்லாமே சேர்ந்து தடிக்கும். மூணு. என்ன இது?

— எது?

— உங்க பேருக்குப் பின்னால. சாம்பல் நிறமா ஏதோ வருது.

— அழுக்குதான். நிறுத்து. பழைய படம், அழுக்கு இருக்காதா?

— அழுக்கு இப்படி வளையாது, ஸ்மில்யா அத்தை. நாலு. கொஞ்சம் கறுப்பை ஏத்திப் பார்க்கறேன்.

— ஸ்ரெச்கோ, எனக்குத் தலை சுத்துது, ஜன்னலைத் திற.

— திறந்துதான் இருக்கு. அஞ்சு. அத்தை, கண்ணாடியைப் போட்டுக்கோங்க.

— போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அது என்ன, கொடியா?

— திராட்சைக் கொடி. இலை, கொத்து, சுருள் எல்லாம் இருக்கு. அதுக்கு நடுவுல எழுத்து. த, அப்புறம்... படிங்க.

— தாரிங்கா.

— மத்த முப்பத்து மூணு பேரைவிட ரெண்டு மடங்கு தடிமன். இதுக்குன்னு தனியா அகலமான பேனா முனை எடுத்திருக்காரு. அதை யாரோ சுரண்டி எடுத்துட்டு, சுரண்டின இடத்து மேல இந்த நூலை இழுத்திருக்காங்க. சுரண்டினாலும் அட்டைக்குள்ள மை கொஞ்சம் இறங்கியிருக்கும் இல்லையா, அதுதான் இப்போ எழுந்து வருது.

— அவன் எழுதிட்டு அவனே சுரண்டினானா?

— நூலை இழுத்தது வேற கை. இந்த முதல் எழுத்தோட வாலைப் பாருங்க. இடது பக்கமா.

— பன்றி வாலு.

— நான் எதுவும் சொல்லலை, அத்தை.

— நீ சொல்ல வேண்டாம். அந்தப் பட்டியலை இங்கே தள்ளு. தோப்ரிலா. அதே சுழி. ஸ்மில்யா, பூரெக்கைக் கீழே வை. உன் பாவாடை மேல எண்ணெய் சொட்டுது.

— சொட்டட்டும்.

— எதால சுரண்டினே?

— அப்பாவோட சவரக்கத்தி.

— கூர்மையாத்தான் இருந்திருக்கும்.

— பலகையைக் காய வைக்க எங்க வீட்டுல விட்டிருந்தோம். மத்தியானம். அப்பா கடையில இருந்தார். முப்பத்து மூணு பேரையும் ஒரே நாள்ல எழுதி முடிச்சான் தாரா. உன் பேருக்கு ரெண்டு நாள். நாக்கைக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு திராட்சையா உருட்டினான், நான் மைப்புட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என் பேரு எப்படி இருந்துச்சு தெரியுமா?

— எப்படி?

— எல்லார் பேரு மாதிரியும் இருந்துச்சு. அதைத்தான் தாங்க முடியலை.

— அவன் பார்க்கலையா?

— ஜன்னல்ல தொங்கின அன்னிக்குப் பார்த்தான். நீதான் சுரண்டிட்டேன்னு நினைச்சான். இவ்வளவு பெரிசா எழுதினது உனக்கு அவமானமா போச்சுன்னு.

— நீ சொன்னியா அப்படி?

— அவனா நினைச்சுக்கிட்டான். நான் இல்லைன்னு சொல்லலை.

— என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அவன்.

— அவன் வெலிமிர், நீ தாரிங்கா. ரெண்டு பேரும் கேட்கிற ஆளா? எனக்கு அது தெரியும். அவ்வளவுதான்.

— ஐம்பது வருஷம் என் காபியைக் குடிச்சேடி.

— நீதான் என் காபியைக் குடிச்சே. நான் கெட்டவதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு பேரைச் சுரண்டினேன், அதுக்கு மேல ஒண்ணும் பண்ணலை. அவன் எனக்குக் கிடைச்சது அதனால இல்லை. பெல்கிரேட்ல அவனை எடுக்கலை. எடுத்திருந்தா போயிருப்பான், இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டான். தினமும் வாசல்ல நின்னு தபால்காரனைப் பார்த்தான். செப்டம்பர் முடியற வரைக்கும். அக்டோபர்ல அப்பா கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தான், நான் சூப் குடுத்தேன். எல்லாம் அதிலேருந்துதான். உன்கிட்டேருந்து நான் ஒண்ணும் எடுத்துக்கலை.

— அத்தை, வேண்டாம்.

— என்ன வேண்டாம்? ஸ்ரெச்கோ, நீ ஏன் அவ கையைப் பிடிக்கிறே?

— விடு கண்ணு. எடுத்தாங்கடி.

— யாரை?

— வெலிமிரை. ஓவியக் கல்லூரியில. கடிதம் வந்துச்சு, ஜூலையில. தபால் நிலையத்துல என் மேஜைக்கு வந்துச்சு. என் வீட்டுல பிஸ்கட் டப்பா இருக்கே, பூனை படம் போட்டது. அதுலேருந்து போன மாசம்கூட உன் பச்சைக் கோட்டுக்குப் பொத்தான் எடுத்துக் குடுத்தேன். உன் விரலுக்கும் அந்தக் கடிதத்துக்கும் நடுவுல நாலு பொத்தான்தான் இருந்திருக்கும்.

— நீ பொய் சொல்றே. நீ எதையும் பத்து மடங்கு பண்ணுவே.

— இதை மட்டும் பண்ணலை. "செப்டம்பர் பத்தாம் தேதிக்குள் நேரில் வந்து சேரவும்." கீழே பச்சை மையில கையெழுத்து. நீ ஒரு பேரைச் சுரண்டினே, அதைப் பார்த்து நான் அவன் கடிதத்தை ஒளிச்சேன், அதனால அவன் இங்கேயே கிடந்தான், உன் சூப்பைக் குடிச்சான். நாற்பத்தெட்டு வருஷம் நீ வெச்சுக் குடித்தனம் பண்ணின ஆளைக் கட்டிக் கொண்டுவந்து உன் வாசல்ல இறக்கினது நான்டி, ஸ்மில்யா. தபால் தலைகூட ஒட்டாம. ஒரு நன்றி சொல்லத் தோணலையா உனக்கு?

— ஆஸ்பத்திரியில, கடைசி வாரம், ஒண்ணு கேட்டான்.

— என்ன கேட்டான்?

— "என் கையெழுத்து அவ்வளவு மோசமா, ஸ்மில்யா?"

— நீ என்ன சொன்னே?

— இல்லைன்னு சொன்னேன். நம்பலை. "அப்படின்னா ஏன் ரெண்டு பேருமே வேண்டாம்னு சொன்னாங்க?"ன்னான். யாரு அந்த ரெண்டு பேருன்னு அப்போ நான் கேட்கலை. நீயும் பெல்கிரேட்டும்.

— ஸ்மில்யா.

— நான் ஒரு பேரைச் சுரண்டினேன், தாரா. நீ ஆளையே சுரண்டிட்டே.

— எங்கே போறே? பையை எடுத்துக்கோ.

— நீயே வெச்சுக்கோ. ஒளிச்சு வைக்கத்தான் உனக்கு நல்லா வருமே.

— கதவுக் கண்ணாடி, ஸ்மில்யா அத்தை, மெதுவா.

— உடைஞ்சுதா?

— இல்லை. தப்பிச்சுது. மேல பெயர்ப்பலகைதான் ஆடுது.

— ஆடும். கெட்டியா எழுதினாலும் ஆணி சரியா அடிக்க மாட்டான் அவன்.

— தண்ணி தரட்டுமா, அத்தை?

— சாராயம் இருந்தா குடு. நான் உனக்குக் குடுக்கிறதா சொன்ன ரெண்டு பாட்டில்லேருந்து கழிச்சுக்கோ. வேலையைப் பார்ப்போம். அந்த நூலை அழி.

— அழிச்சாச்சு.

— அடியில இருக்கிறதை மேல கொண்டு வா. கொடியோட. ஒரு திராட்சை குறைஞ்சுதுன்னா உன் கடை முன்னால ஆயிரம் வருஷம் உட்கார்ந்துடுவேன்.

— ஒண்ணும் குறையாது. பதினேழு திராட்சை இருக்கு, எண்ணிட்டேன். தடிமன்?

— நீ ஒரு புள்ளி சேர்க்கக் கூடாது, ஒரு புள்ளி எடுக்கக் கூடாது. அவன் போட்ட தடிமன் போதும்.

— வெலிமிர் பேரு?

— நான் இளைக்க வெச்சதை எல்லாம் திருப்பிக் குடு. அவன் தன் பேரைத் தானே எப்படி எழுதியிருக்கான்?

— பார்க்கறேன். மத்தவங்க பேரைவிட கொஞ்சம் சின்னதா. கொஞ்சம் மெலிசா.

— ம்.

— தடியாக்கட்டுமா?

— வேண்டாம். விடு. அப்படியே இருக்கட்டும்.

— அப்போ சிலுவையை மட்டும் போட்டுட்டு அச்சுக்கு அனுப்பிடறேன். பதினொண்ணு.

— பன்னெண்டு.

— பட்டியல்ல பதினொண்ணுதானே இருக்கு.

— பட்டியலை எழுதினவ தன்னைச் சேர்த்துக்கலை. ஸ்மில்யா பேருக்கு முன்னால ஒண்ணு போடு. நல்லா தடியா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரி வரிசையிலேருந்து பார்த்தாலும் தெரியணும்.

— அத்தை, உயிரோட இருக்கிறவங்களுக்கா? இது ஜன்னல்ல தொங்கினா வெள்ளிக்கிழமை மத்தியானமே அவங்க வீட்டு வாசல்ல பாதி ஊர் மெழுகுவர்த்தியும் கையுமா நிக்கும்.

— நிக்கட்டும். கதவைத் திறந்து ஒவ்வொருத்தர்கிட்டயா விளக்கிச் சொல்லட்டும், தன் பேருக்குச் சிலுவை எப்படி வந்துச்சுன்னு. முதல்லேருந்து, சவரக்கத்தியிலேருந்து. சனிக்கிழமை டீச்சர் பேரு வாசிக்கிறப்போ செத்தவ எழுந்து "உள்ளேன்"னு சொல்லட்டும்.

— போட்டுட்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும். பன்னெண்டு.

— பதிமூணு.

— இன்னும் யாருக்கு?

— கொடிக்குப் பக்கத்துல, இலை மேல படாம, எனக்கு ஒண்ணு போடு. என் வாசல்லயும் வந்து நிக்கட்டும். அவ சுரண்டினா, நான் ஒளிச்சேன். ரெண்டு சிலுவையும் ஒரே தடிமன்ல இருக்கணும், ஸ்ரெச்கோ, அளந்து போடு.